மாப்பிள்ளை துடைத்த கார்

வந்தவர் பித்தளைத் தாம்பாளத்தைக் கார் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, அவிழ்ந்துகொண்டிருந்த வேட்டியை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும், மஞ்சள் தடவிய பத்திரிகையும், வில்லாபுரம் பஸ் நிறுத்தத்தில் வாங்கியிருக்கக்கூடிய இரண்டு வாழைப்பழங்களும் இருந்தன. தங்கை வீட்டிலிருந்து ஆறு வருஷம் கழித்து ஓர் ஆள் வந்திருக்கிறார். அண்ணனாகப்பட்டவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு தழுதழுக்க வேண்டிய கட்டம். விருமாண்டியும் ஓடித்தான் வந்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து, இழுக்காமல், நேராக மேலே தூக்கினார். குனிந்து, அது இருந்த இடத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் "வாங்க மாமா" என்றார்.

வந்தவர் மலைச்சாமி, தங்கை புருஷனுக்குச் சித்தப்பா. தட்டைத் தரையில் வைக்கக்கூடாது, கையில் வைத்துக்கொண்டு வேட்டி கட்ட முடியாது, எனவே உயரமாகவும் வழவழப்பாகவும் இருந்த ஒன்றின் மேல் வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை.

"தட்ட இம்புட்டு பயபக்தியா வாங்குறீகளே மாப்ள. எங்க பக்கம் பழத்த மட்டும் பிடுங்கிக்கிட்டுப் போயிருவாய்ங்க" என்றார் மலைச்சாமி. "ஒச்சம்மா பிள்ளைக்கு வார்ற ஞாயித்துக்கெழம காது குத்து. மாமன் மடியில்லாம எப்பிடிக் குத்துறது? தள்ளித் தள்ளிப் போட்டு, பிள்ள பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருச்சு. மூளிக் காதுன்னு கூப்பிடுதுகளாம்."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"வரச் சொன்னாரா?"

"வர வேணாம்னு சொல்லல. நல்லகாமன் வாயில அந்த வார்த்த வராம இருந்ததே பெருசு."

மாப்பிள்ளை நல்லகாமனுக்கு அலங்காநல்லூருக்கு வடக்கே ஓர் உள்கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் விருமாண்டி வில்லாபுரத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வயலிலிருந்து நேரே பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் ஏறினார். தரை மொசைக். முந்தின நாள்தான் பாலிஷ் போட்டு முடித்திருந்தார்கள். "மாப்ள, காலக் கழுவிட்டு வாங்க" என்றார் விருமாண்டி. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது வழக்கம். கழுவிவிட்டு வரச் சொல்வது வழக்கத்தில் இல்லை. நல்லகாமன் தன் காலைப் பார்த்தார், மொசைக்கைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த தங்கை ஒச்சம்மாள், கையில் கொடுத்த பாலைக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அந்த மொசைக் இரண்டாம் வருஷமே நட்ட நடுவில் வெடித்துவிட்டது. அதற்காக யாரும் யாரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்ளவில்லை.

விருமாண்டி கெட்டவர் என்று சொல்ல முடியாது. கீழமாசி வீதிப் பக்கம் பழைய சாக்குக் கடை வைத்திருந்தார். பழைய சாக்கை வாங்கி, உதறி, கிழிசலைத் தைத்து, விற்க வேண்டும். இதில் உதறுவதுதான் தொழில். ஒரு நாள் முழுக்க உதறினால் நெல் தூசி, மிளகாய்த் தூசி, சிமென்ட் தூசி எல்லாம் சேர்ந்து ஆளும் சாக்கும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் சில சமயம் அவரைத் தாண்டிப் போய்ச் சாக்கு அடுக்கிடம் விலை கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷம் இப்படி இருந்தவருக்கு, பார்த்தால் முகம் தெரிகிற ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. முதலில் மொசைக்கில் பார்த்தார். அது வெடித்த பிறகு, தெற்குமாசி வீதி ஜவுளிக்கடை பாதுஷாவிடமிருந்து அந்தக் கறுப்பு அம்பாசடரை வாங்கினார். கதவோரம் நின்று குனிந்தால் முகம் தெரிந்தது. கொஞ்சம் அகலமாக, வசதியானவரின் முகம்போலத் தெரிந்தது.

பாதுஷா சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "விருமாண்டிண்ணே, கறுப்பு வண்டி வச்சிருக்கவன் அதுக்கு ஓனரு இல்ல, வாச்மேன். தூசியில என்ன இருக்கு? மண்ணு. மண்ணுல என்ன இருக்கு? பொடிக் கல்லு. காஞ்ச துணிய வச்சுத் தேய்க்கிறதும் உப்புத்தாளு வச்சுத் தேய்க்கிறதும் ஒண்ணுதான். வெள்ள வண்டியில கீறல் வெளிய தெரியாது. இதுல அம்புட்டும் காட்டிக் குடுத்துரும். கை வைக்காதீங்க. தண்ணிய ஊத்தி விட்டுட்டு சும்மா நில்லுங்க, அதுவா எறங்கிப் போகும்."

சாக்கை உதறுகிறவருக்கு உதறாமல் தூசியைப் போக்கலாம் என்பது பெரிய ஞானமாகப்பட்டது. அன்றுமுதல் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் கார் கொட்டகைக்குள் இருக்க வேண்டும். முதலில் கூரையிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர். அது புழுதியைக் கரைத்துக்கொண்டு கண்ணாடி, பானெட், கதவு என்று வழிந்து முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் துணி. துணி என்றால் துவைத்துத் துவைத்து நைந்த கை வைத்த பனியன்; அதைச் சொட்டச் சொட்ட நனைத்து, அழுத்தாமல், வட்டம் போடாமல், முன்னாலிருந்து பின்னால் நேர்கோட்டில் ஓட விட வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு மடிப்பு. தவறித் தரையில் விழுந்த பனியன் அன்றோடு கார் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டு, டயருக்கு மாற்றப்படும்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல என் தலைய ஒருநா இம்புட்டு பதமா தொவட்டி விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி செல்லத்தாய்.

"நீ என்ன கறுப்பா?"

"பின்ன, செவப்பா?"

விருமாண்டி பனியனைத் திருப்பி அடுத்த கதவுக்குப் போனார்.

தங்கையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து கோணி ஊசியில் சரடு கோக்கும்போது, ஊசிக் காது அகப்படாமல் கண்ணைச் சுருக்கும்போதெல்லாம், சின்ன வயசில் சரட்டை எச்சில் தொட்டு முறுக்கி ஒரே குத்தில் கோத்துக் கொடுக்கிற ஒச்சம்மாள் ஞாபகம் வந்துவிடும். அந்தப் பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. பெண் என்றும், பேச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். மலைச்சாமி பத்திரிகை வைத்துவிட்டுப் போன அன்றைக்கு இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. செல்லத்தாய் அதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தாருங்க. காரு அங்கதான வரும்? பிள்ளைக அதுமேல ஏறும். ஆடு ஒரசும். கெழவிக எச்சிக் கைய வைக்கும். நீங்க வாயத் தொறந்து 'தொடாத'ன்னு ஒரு வார்த்த சொன்னீங்க, அது அந்தக் கால் கழுவுன கதையாத்தான் முடியும். அந்த மனுசன் மறுபடி செருப்ப மாட்டுனா, இந்த ஜென்மத்துக்கு ஒங்களுக்குத் தங்கச்சி கெடையாது."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டீங்கள்ல?"

"மாட்டேன்டி."

ஞாயிற்றுக்கிழமை காலை, சீர்ச் சேலைகளை டிக்கியில் அடுக்கும்போது அடியில் இரண்டு வாளியும் நான்கு பழைய பனியனும் இருப்பதைச் செல்லத்தாய் பார்த்தாள். சேலைகளை அவற்றின் மேலேயே அடுக்கினாள். சில விஷயங்களில் மனிதர்களை அப்படியே விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்து வெகுநாளாகியிருந்தது.

விருமாண்டியின் திட்டம் எளிமையானது. கிராமத்துக்கு முன்னால் ஒரு கண்மாய் உண்டு. கரையில் நிறுத்தி, இரண்டு வாளி மொண்டு ஊற்றி, புழுதி இறங்கியதும் பளபளவென்று ஊருக்குள் போய்விட்டால், யாருக்கும் துடைக்கிற யோசனையே வராது. ஆடும் சீர்த்தட்டுகளும் சொந்தக்காரர்களும் பின்னால் வாடகை வேனில் வந்தார்கள். வைகைப் பாலம் தாண்டி அலங்காநல்லூர் ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி. அது விட்ட புகையும் காய்ந்த சோகை இலைத் தூளும் காரில் படிந்தன. கிளை ரோட்டில் திரும்பியபின் ரோடு என்ற ஒன்றே இல்லை, வண்டிப்பாதை. முன்னால் போன பஸ், தான் போனதற்கு அடையாளமாக ஓர் ஊர் அளவு புழுதியை எழுப்பி விட்டுவிட்டுப் போயிற்று. கண்மாய் வருவதற்குள் கார் என்ன நிறம் என்று கேட்டால் சாக்கு நிறம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கரையில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வாளியில் கை வைத்தபோது, மாப்பிள்ளை வீட்டு வேப்ப மரத்து உச்சியில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. ரேடியோ செட் போட வந்த சின்னானுக்குக் கண் கூர்மை. "தாய்மாமன் வந்துவிட்டார்! மதுரை வில்லாபுரம் சாக்குக்கடை அதிபர் விருமாண்டி அவர்கள், சொந்தக் காரில், கண்மாய்க் கரையில் வந்து நின்றுகொண்டிருக்கிறார்! மேளகாரர்கள் உடனடியாக வரவும்!" மேளகாரர்கள் உடனடியாக வந்தார்கள். உறுமி முழங்க, கொட்டு முழங்க, அரைக் கிராமம் காரைச் சூழ்ந்துகொண்டது. விருமாண்டி வாளியை மறுபடி சேலைக்கு அடியில் வைத்தார். காரை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு, ஊர்வலமாக நல்லகாமன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பந்தலுக்குள்ளிருந்து நல்லகாமன் வந்தார். தலை முன்னைவிட நரைத்திருந்தது. தோளில் அகலச் சிவப்புக் கரை போட்ட புதுத் துண்டு. மேளம் தானாக நின்றது. ஆறு வருஷம் பேசாத இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் கொட்டு அடிக்கிறவனுக்குக்கூட அடுத்த அடி எங்கே அடிப்பதென்று தெரியாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒச்சம்மாள் அண்ணனைப் பார்க்கவில்லை. புருஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லகாமன் விருமாண்டியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மச்சான் வண்டி இம்புட்டு புழுதியாப் போச்சே" என்றார்.

சொல்லிவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நல்லகாமன் தோள் துண்டு அவ்வளவு சுலபத்தில் இறங்குவதில்லை. பஞ்சாயத்தில் இறங்கியதில்லை, கோயிலில் பரிவட்டம் கட்டும்போது மட்டும் இடுப்புக்குப் போகும். அதை எடுத்து நான்காக மடித்து, பானெட்டின் நடுவில் வைத்து, நல்லகாமன் துடைக்க ஆரம்பித்தார். காய்ந்த புழுதி. காய்ந்த துண்டு. புதுத் துண்டின் கஞ்சி மொடமொடப்பு வேறு. சர்ர், சர்ர் என்று சத்தம் வந்தது. வட்டம் வட்டமாக, அழுத்தமாக, அடுப்பங்கரையில் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்த்தார்.

விருமாண்டிக்கு அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. அவர் வாய் திறந்தது. செல்லத்தாயின் கை வந்து அவர் முழங்கைச் சதையைப் பிடித்தது. பிடித்து, கிள்ளி, அப்படியே வைத்துக்கொண்டது.

"மாப்பிள்ளை நல்லகாமன் அவர்கள்" என்று ஒலிபெருக்கி உணர்ச்சிவசப்பட்டது, "தாய்மாமன் காரைத் தன் தோள் துண்டால், தன் கையால், துடைத்துக்கொண்டிருக்கிறார்! இதைவிட என்ன மரியாதை வேண்டும்!"

"மரியாததான்" என்றார் கூட்டத்தில் ஒருவர். "எம்புட்டுப் பெரிய மனசு!"

பெரிய மனசாகவே இருக்கலாம். விருமாண்டிக்கும் அப்படித்தான் முதலில் பட்டது. ஆனால் நல்லகாமன் துடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார். கை சுற்றிக்கொண்டே இருந்தது, கண் அசையவில்லை. மரியாதை செய்கிறவர்கள் பொருளைப் பார்த்துத்தான் செய்வார்கள், எதிராளி முகத்தை இப்படி உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு கணம் விருமாண்டிக்குத் தோன்றியது. அடுத்த கணம், ஆறு வருஷம் பார்க்காத முகத்தை வேறு எப்படிப் பார்ப்பார்கள் என்றும் தோன்றியது.

"என்ன மச்சான்?" என்றார் நல்லகாமன். கை நின்றது. "என்னமோ சொல்ல வந்தீகளே?"

வாசலில் ஒச்சம்மாள் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இப்போது அவள் அண்ணனைத்தான் பார்த்தாள். பார்வையில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பாலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாளே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. விருமாண்டி பானெட்டைப் பார்த்தார். புழுதி போன இடத்தில் கறுப்பு தெரிந்தது. கறுப்புக்குள் நரைமுடிபோல நூறு கோடுகள். அதற்குள் தன் முகம் இருக்கிறதா என்று தேடினார். வெயில்தான் இருந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். "இந்த லைட்டுப் பக்கம் கொஞ்சம் விட்டுப் போச்சு."

நல்லகாமன் அவரை இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு அவர் மீசை அசைந்தது. "ஆமா, விட்டுத்தான் போச்சு" என்று சொல்லிக்கொண்டு, குனிந்து, லைட்டுப் பக்கம் விட்டுப்போனதை நன்றாகவே துடைத்தார்.

மேளகாரனுக்கு அடுத்த அடி எங்கே என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையே துடைக்கும்போது பங்காளிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. மலைச்சாமி தன் துண்டை எடுத்துக் கூரையில் போட்டார். கதவுக்கு இரண்டு பேர், டிக்கிக்கு மூன்று பேர். துண்டு இல்லாதவர்கள் வேட்டி நுனியால் துடைத்தார்கள். ஒரு கிழவி, புழுதி போகாத இடத்தில் எச்சிலைத் தொட்டு வைத்துத் தேய்த்தாள். அன்றைக்கு அந்தக் காரில் ஈரம் பட்ட ஒரே இடம் அதுதான். "நல்லாத் தொடைங்கப்பா, மதுர வண்டி!" என்று யாரோ உற்சாகப்படுத்தினார்கள். விருமாண்டி சிரித்தபடி நின்றார். செல்லத்தாய் கையை எடுத்தபோது முழங்கையில் நகம் பதிந்த இரண்டு பிறைகள் இருந்தன.

பந்தலில் பேச்சியை விருமாண்டி மடியில் உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் பிள்ளையின் எலும்பெல்லாம் குத்தியது. பிள்ளை மாமனைத் திரும்பிப் பார்த்து, "நீதான் அந்தக் கால் கழுவச் சொன்ன மாமனா?" என்று கேட்டது. சுற்றியிருந்தவர்கள் அவசரமாக ஆசாரியைக் கூப்பிட்டார்கள். முதல் காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை அலறி, விருமாண்டியின் பட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அதிலேயே முகத்தைத் தேய்த்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கார் நேராகத் தெரிந்தது. உச்சி வெயில் அதன்மேல் நின்றது. பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னிவிட்டதுபோல் மின்னியது. அவர் கண் கலங்கி வழிய ஆரம்பித்தது. இரண்டாவது காது குத்தி முடிந்தும் நிற்கவில்லை. அதைப் பார்த்த ஒச்சம்மாள் "அண்ணே..." என்று ஒரு குரல் எடுத்து அழுதுகொண்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அழுகாதத்தா, அழுகாத" என்று சொல்லி அவரும் அழுதார். எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அப்போது அவரால் முடிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

கறிச்சோறு முடிந்து, வேன் கிளம்பி, செல்லத்தாயும் ஒச்சம்மாளும் சமையல்கட்டில் ஆறு வருஷத்துப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. விருமாண்டி கார்ப்பக்கம் போகப் பிடிக்காமல் வீட்டின் பின்பக்கம் நடந்தார். அங்கே மாட்டுக் கொட்டத்துக்கு முன்னால் நல்லகாமன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கட்டுத்தறியில் ஒரு மாடு. நல்ல மைக் கறுப்பு. திமில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. விருந்தாள் கூட்டமும் கொட்டுச் சத்தமும் பிடிக்காமல் அது பகல் முழுக்க மண்மேட்டைக் கொம்பால் குத்திக் குத்தித் தன் மேலேயே வாரிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதுகு பூராவும் செம்மண்.

நல்லகாமன் வாளித் தண்ணீரைத் திமிலுக்கு மேலே தூக்கி, மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் முதுகில் விழுந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு, விலாவில் சிவப்பாக இறங்கியது. அவர் கை வைக்கவில்லை. பக்கத்தில் மாடு தேய்க்கிற ஈர வைக்கோல் பிரி இருந்தது, அதையும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

விருமாண்டியும் நின்றார். அந்தக் காய்ந்த துண்டைப் பற்றி ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. செல்லத்தாய் பக்கத்தில் இல்லை. கிள்ள ஆள் இல்லை.

நல்லகாமன் திரும்பிப் பார்க்காமலே காலி வாளியைப் பின்பக்கமாக நீட்டினார்.

"தொட்டியில மோந்து குடுங்க மச்சான்."

விருமாண்டி பட்டுச் சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு, தொட்டியில் குனிந்து, வாளியை அமுக்கி நிரப்பினார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மாடு புது ஆளை முகர்ந்து பார்த்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. நல்லகாமன் ஊற்றினார். மண் கரைந்து இறங்க ஆரம்பித்தது. கை வைக்காமல், அது இறங்கி முடிகிறவரை, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.